எண்பது நிமிடக் கொடி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் வரும் அன்பர்கள், அடிவாரத்தைக் கடந்ததும் சன்னலோரம் சாய்ந்துகொண்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ணத் தொடங்குவது வழக்கம். வளைவுகள் மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருந்தும் குழந்தைகள் கணக்கில் தவறி, தங்களுக்குள் சண்டையிட்டுக்கொள்வர். காலை முதற் பேருந்தில் வந்தவர்கள் சிலர், அவ்வளைவுகளில் ஏதேனும் ஒன்றில், தலையில் கம்பளிக் குல்லாயுடன், மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும் நடுத்தர வயது உருவம் ஒன்றைக் கண்டிருக்கக்கூடும். பேருந்தைத் தவறவிட்ட பயணி என்று இரக்கப்பட்டு, வண்டியை நிறுத்திய ஓட்டுநரும் உண்டு. அவ்வுருவம் வேறு யாருமல்ல, நாமே.

“இந்த வயதில் இது எதற்கு?” என்று ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது கேட்காத நண்பர் இல்லை. நாற்பத்தாறாம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துள்ளதென்று மருத்துவர் கண்டு, மாத்திரையோடு நடைப்பயிற்சியையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். நடந்தோம். ஏரியைச் சுற்றி நடப்பது பழகியபின், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம்வரை ஓடிப் பார்த்தோம். பிறகு இரண்டு கம்பங்கள், பிறகு மூன்று. தொடக்கம் இவ்வளவே. இதில் வீரம் ஒன்றுமில்லை. அந்த முதல் மாதத்தில் நம்மைக் கண்டு சிரித்தவர்கள் படகுத்துறைக் கடைக்காரர்கள் மட்டுமல்லர், நம் வீட்டாருந்தான்.

ஆனால் இக்கட்டுரை நம் ஓட்டத்தைப் பற்றியதன்று. பிறரோடு ஓடுவதைப் பற்றியது. அதில் நாம் இழைத்த தவறு ஒன்றை எழுதியாக வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். அதற்கு முன் மலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் அத்தவற்றை நாம் பின்னர் உணர்ந்துகொண்டதும் இம்மலையில்தான்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர். ஆக, முப்பது கிலோமீட்டர்ப் பயணத்தில் மனிதன் 1,200 மீட்டர் மேலே ஏறிவிடுகிறான். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு; அதனால்தான் சேலத்தில் வியர்வை துடைத்தவர் இங்கு வந்து போர்வை கேட்கிறார். காற்றின் அழுத்தமும் கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு அளவு குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே செல்லும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு. சமவெளியிலிருந்து வரும் இளைஞர் முதல் நாள் காலையில் ஏரியோரம் பாய்ந்து ஓடி, சிறிது நேரத்திலேயே இடுப்பில் கைவைத்து நிற்பதன் காரணம் இதுவே.

இதைப் படித்தறிந்தபோது நமக்குள் ஓர் அசட்டு ஆசை முளைத்தது. கென்ய நாட்டு ஓட்டக்காரர்களைப் போல நாமும் மலைக்காற்றால் பலம் பெறுவோம் என்பதே அது. அவர்களுடைய புகழ் பெற்ற ஊராகிய இட்டன் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரப் பயிற்சியின் பயன் தெளிவாகத் தெரிய இரண்டாயிரம் மீட்டராவது வேண்டும் என்பர். சேர்வராயன் கோயில் உச்சியில் குடியேறினாலும் நமக்கு அது கிட்டாது!

ஆயினும் இட்டனைப் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வூரின் புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளிக்கு 1976-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து புவியியல் ஆசிரியராக வந்தவர் பேட்ரீசியன் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் கோல்ம் ஓ’கானல். ஓட்டப் பயிற்சியில் அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. மாணவர்கள் ஓடுவதைக் கவனித்தார். கவனித்துக் கவனித்தே கற்றார். அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவர் பயிற்றுவித்த டேவிட் ருடிஷா 2012-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை ஒரு நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1917 முதல் மான்ட்போர்ட் சகோதரர்களின் பள்ளியைக் கண்டுவரும் ஏற்காட்டு மக்களுக்கு, துறவு சபைச் சகோதரர் ஒருவர் விளையாட்டுத் திடலோரம் நிற்கும் காட்சி புதிதன்று. நம்மைக் கவர்ந்தது வேறொன்று. உலகிலேயே வேகமானவர்களாகிய அந்தக் கென்யர்கள், பயிற்சி நாட்களில் பெரும்பாலும் மிக மெதுவாகவே ஓடுகிறார்கள். பக்கத்தில் செல்பவரோடு பேசிக்கொண்டு போகலாம்; அத்தனை மெதுவாக.

மெதுவாக ஓடுவது எளிதென்று நினைக்கிறோம். மலையில் ஓடிப் பார்த்தால் தெரியும். தொடக்கத்தில் முதல் மூன்று வளைவுகளை நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடப்பதும், ஐந்தாவதில் தடுப்புச் சுவரின்மேல் அமர்வதும் வழக்கமாயிருந்தது. ஒரு நாள் நான்காம் வளைவருகே, தலையில் பலாப்பழச் சாக்கைச் சுமந்து நடந்த மலைக்கிராமப் பெரியவர் ஒருவரை உற்சாகமாக முந்திச் சென்றோம். பத்தாம் வளைவில் நாம் அமர்ந்து நீர் அருந்திக்கொண்டிருந்தபோது, அதே சாக்கு, அதே சீரான நடையில் நம்மைக் கடந்து சென்றது. “என்னங்க சார், உக்காந்துட்டீங்க?” என்றார் பெரியவர், நிற்காமலே. அவர் குறுக்குப் பாதையில் ஏறி வந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இருப்பினும் அவர் ஓரிடத்திலும் விரையவில்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை என்பதும் உண்மைதானே.

அன்றிலிருந்து முறையை மாற்றிக்கொண்டோம். ஏற்றத்தில் அடிகளைச் சிறிதாக்கி, பார்வையைப் பத்தடி தூரத்தில் நிறுத்தி, மூச்சின் அளவை மட்டுமே கவனித்து ஏறினோம். சமதளத்தில் எவ்வளவு உழைப்போமோ அவ்வளவே உழைப்பு ஏற்றத்திலும். கடிகாரம் எதைக் காட்டினாலும் காட்டட்டும். ஒரு கிலோமீட்டருக்கு ஏற்றத்தில் பத்து நிமிடம், இறக்கத்தில் ஏழு நிமிடம் என்று ஆனாலும் உழைப்பு ஒன்றே. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால் வேகம் மிகுதி என்று பொருள். நாம் ஜெபமாலையில் ஒரு மன்றாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுண்டு. பாதியில் மூச்சு முட்டினால், நடை.

இறக்கம் சுகமானது என்று எண்ணி ஏமாறுவோரையும் எச்சரிக்க வேண்டும். கீழே இறங்கும்போது உடல் எடையைத் தாங்கித் தடுப்பது தொடைத் தசைகள். அவை நீண்டுகொண்டே இறுகி வேலை செய்வதால் நுண்ணிய சிதைவு உண்டாகிறது. வலி அன்று தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டு மாடிப்படியில் இறங்கும்போது தெரியும். ஒருமுறை நாம் மூன்று நாட்கள் படிகளில் பின்புறமாக இறங்கியதை அக்கம்பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் மழை பெய்து ஓரிரு வாரத்தில் காப்பிச் செடிகள் ஒன்றாகப் பூக்கும். வெள்ளை வெளேரென்று கிளையெல்லாம் பூத்து, மல்லிகையை நிகர்த்த மணம் சாலைவரை வீசும். நாகலூர்ப் பக்கம் அந்த நாட்களில் ஓடுவது ஒரு பேறு. மழைக்காலமோ வேறு கதை. மூடுபனியில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியாது. காட்டெருமை நின்றாலும் தெரியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே தடைப்பட்டது. அத்தகைய நாட்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி அருந்துவதும் பயிற்சியே என்பது நம் துணிபு.

இவ்வாறு மூன்றாண்டுகள் கழிந்தன. சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மாத்திரை குறைந்தது. அந்நிலையில் சேலத்தில் நடைபெற்ற ஒரு சமூக நல ஓட்டத்திற்கு, ‘பேஸர்’ வேலைக்கு வருமாறு நமக்கு அழைப்பு வந்தது.

இச்சொல் பலருக்குப் புதிதாயிருக்கலாம். பத்துக் கிலோமீட்டர், இருபத்தொரு கிலோமீட்டர் என நடக்கும் இத்தகைய ஓட்டங்களில் பங்குபெறுவோரில் மிகப் பெரும்பாலோர் பரிசுக்காக ஓடுபவர்கள் அல்லர். குறித்த நேரத்தில் நலமாக முடித்தால் போதும் என்பவர்கள். அவர்களுக்குத் துணையாக, நேரம் எழுதிய கொடியை முதுகிலோ கையிலோ தாங்கிச் சிலர் ஓடுவர். எண்பது நிமிடக் கொடியைத் தொடர்ந்து வந்தால் எண்பது நிமிடத்தில் பத்துக் கிலோமீட்டரை முடிக்கலாம் என்பது பொருள். கணக்கு எளிது: கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். அக்கொடியைத் தாங்குபவர் அதே தூரத்தை அறுபது, அறுபத்தைந்து நிமிடத்தில் ஓடக்கூடியவராய் இருத்தல் வேண்டும். அப்போதுதான் பேசவும், தேற்றவும், பின்தங்கியவரைத் திரும்பிப் பார்க்கவும் அவருக்கு மூச்சு மிஞ்சும். அவருடைய திறமை அனைத்தும் தன் திறமையைக் காட்டாமலிருப்பதில்தான் இருக்கிறது.

நமக்கு அளிக்கப்பட்டதும் எண்பது நிமிடக் கொடியே. காலை ஐந்தரை மணி, இருள் பிரியவில்லை. பேண்டு வாத்தியம் முழங்கியது. நம்மைச் சுற்றிப் பதினான்கு பேர் சேர்ந்தனர். “ஐயா, உங்க கூடவே வர்றேன், விட்டுடாதீங்க,” என்று ஒரு பெண்மணி சொன்னார். மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவராம். ஆறு மாதமாகப் பணி முடிந்து வந்து பயிற்சி செய்தாராம். “விடமாட்டோம், அம்மா,” என்றோம்.

என்ன நேர்ந்தது? குளிர்ந்த மலைக்காற்றில் பழகிய கால்கள்; சமதளமான நகரச் சாலை; இருபுறமும் கைதட்டும் கூட்டம். முதல் இரண்டு கிலோமீட்டரை எட்டெட்டு நிமிடத்துக்குப் பதிலாக ஏழேகால் நிமிடமாக ஓடிவிட்டோம். கடிகாரத்தைப் பார்க்காமலில்லை. பார்த்தோம், ‘சிறிது நேரம் கையிருப்பில் இருக்கட்டும்’ என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். ஓட்டத்தில் இந்தக் கையிருப்புக் கணக்கு பொய்க் கணக்கு. தொடக்கத்தில் சேமித்த ஒரு நிமிடத்திற்குக் கடைசியில் மூன்று நிமிடம் வட்டி கட்ட வேண்டியிருக்கும். அதையும் நாம் கட்டுவதில்லை, நம்மை நம்பி வந்தவர் கட்டுகிறார். ஏழாம் கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தபோது நம்மோடு மூவரே இருந்தனர். அப்போதேனும் மெதுவாகியிருக்கலாம். இலக்கு நெருங்குகிறது என்ற உற்சாகம் விடவில்லை. எழுபத்தாறு நிமிடத்தில் முடித்து, கொடியை ஆட்டி, புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து அந்த அம்மையார் வந்தார். நடந்துதான் வந்தார். வழியில் வாந்தியெடுத்து, கெண்டைக்காலில் தசை பிடித்து, சாலையோரம் அமர்ந்துவிட்டாராம். நம்மைப் பார்த்துக் கோபிக்கவில்லை. “கொடியையே பார்த்துக்கிட்டு வந்தேன், ஐயா. திடீர்னு கொடி காணோம்,” என்றார். அவ்வளவே. பதக்கத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கிப் போய்விட்டார்.

அன்றிரவு மலைக்குத் திரும்பியபின் நமக்கு உறக்கம் வரவில்லை. நான்கு நிமிடம் முன்னதாக முடித்ததை நண்பர்கள் பாராட்டினார்கள். அது பாராட்டத்தக்கதா? நம் முதுகில் எழுதியிருந்தது 80. நாம் கொடுத்தது 76. எடைக்கல்லில் பிழை செய்யும் வணிகனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவனாவது குறைத்துக் கொடுத்ததன் இலாபத்தைத் தான் வைத்துக்கொள்கிறான். நமக்கு அதுவுமில்லை, கைதட்டல் மட்டுமே.

அக்காலத்தில்தான் பானிஸ்டரின் ஓட்டத்தைப் பற்றி மீண்டும் படித்தோம். 1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் ரோஜர் பானிஸ்டர் என்னும் மருத்துவ மாணவர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. அவருக்கு முன்னால் ஓடிக் காற்றை மறித்து வேகம் வகுத்தவர் இருவர்: முதல் இரண்டு சுற்றுக்கு மேல்வரை கிறிஸ் பிராஷர், அதன்பின் கிறிஸ் சாட்டவே. முதற் சுற்றிலேயே பானிஸ்டர் பின்னாலிருந்து, வேகமாகப் போ என்று கத்தினாராம். பிராஷர் செவிசாய்க்கவில்லை, வகுத்த வேகத்திலேயே சென்றார். அவர் அன்று பானிஸ்டரின் சொல்லைக் கேட்டிருந்தால் சாதனை நிகழ்ந்திருக்காது என்றே தோன்றுகிறது. பின்னால் வருபவர் கத்தினாலும் முன்னால் கூட்டம் கைதட்டினாலும் மாறாத ஒருவர் அங்கே தேவைப்பட்டார். அதே பிராஷர் 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தடைதாண்டும் நெடுவோட்டத்தில் தங்கம் வென்றார். 1981-இல் இலண்டன் மாரத்தான் தொடங்கக் காரணமானவர்களுள் ஒருவருமானார். ஆனால் நாம் அவரை வணங்குவது அந்த முதற் சுற்றுக்காக.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1994-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாரத்தானில், பாதித் தூரத்திற்குச் சற்று மேல்வரை வேகம் வகுத்துவிட்டு விலகிக்கொள்ளப் பணம் பெற்ற பால் பில்கிங்டன் என்பவர், விலகாமலே ஓடி முதற் பரிசையே பெற்றுவிட்டார். இரண்டாவதாக வந்த இத்தாலியர், முன்னால் ஓடியவர் எப்போதோ விலகியிருப்பார், தாமே வென்றோம் என்று எண்ணியிருந்தார். விதிப்படி அதில் குற்றமில்லை. விலகியே தீர வேண்டும் என்று விதி எதுவும் சொல்லவில்லை. இருந்தாலும் அக்கதையைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு அந்த இத்தாலியரின் முகந்தான் நினைவுக்கு வருகிறது.

கொடி பிடிப்பதன் முழு உருவத்தைக் காண வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டும். காந்தியடிகள் 1893-இல் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரை நாம் அறிவோம். 1860 முதல் நம் தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் சென்று இறங்கிய டர்பன் துறைமுகத்தையும் அறிவோம். அவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்திற்கு, 1921 முதல் ‘காம்ரேட்ஸ்’ என்னும் ஓட்டம் நடந்துவருகிறது. முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்ற முன்னாள் போர்வீரர் தொடங்கியது இது. வழி நெடுக மலைகள். ஓர் ஆண்டு கடற்கரையிலிருந்து மேல்நோக்கி ஓடினால் மறு ஆண்டு கீழ்நோக்கி ஓடுவது மரபு. கறுப்பின மக்களும் பெண்களும் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1975-இல்தான்.

அங்கே கொடி பிடிப்பவரைச் சுற்றிச் சேரும் கூட்டத்திற்குப் ‘பஸ்’ என்று பெயர். முன்செல்பவர் அதன் ‘டிரைவர்’. நம் நாட்டு ஓட்டங்களிலும் இப்பெயர் புகுந்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. கடைசி பஸ்ஸில் நூற்றுக்கணக்கானோர் ஒட்டிக்கொண்டு வருவர். எந்த மேட்டில் நடப்பது, எந்தக் கம்பத்திலிருந்து மீண்டும் ஓடுவது என்று டிரைவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒன்றாக நடந்து ஒன்றாக ஓடுவர். களைத்த நேரத்தில் ஒன்றாகப் பாடுவர். பன்னிரண்டு மணி நிறைந்ததும் இலக்கில் நிற்கும் அதிகாரி, வருபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துப்பாக்கியால் சுடுவார். முகம் பார்த்தால் மனம் இளகிவிடும் என்பதாலோ என்னவோ! ஒரு விநாடி பிந்தியவருக்கும் பதக்கம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஒருவரை நம்பி வந்தவர்களுக்கு, அவர் கணக்கில் தவறினால் அந்தச் சுவரைப் போன்ற முதுகுதான் கிடைக்கும். நாம் சேலத்தில் விளையாட்டாய்ச் செலவிட்ட நான்கு நிமிடத்தின் எடை அப்போதுதான் நமக்கு விளங்கியது.

அடுத்த ஓராண்டு முழுவதும் மெதுவாக ஓடப் பழகினோம். கடிகாரத்தை மூடிவைத்து, காலடியின் தாளத்தைக் கொண்டே கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என ஓடி, பிறகு சரிபார்த்தோம். முதலில் முப்பது விநாடி தவறியது, பிறகு பத்து, பிறகு ஐந்து. ஏரியோரம் நடைபயிலும் முதியவர்கள் சிலர் நம்மைவிட வேகமாகச் சென்றனர். வெட்கமாகத்தான் இருந்தது. பங்கின் இளைஞர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் வருபவர் எவரோ அவருடைய வேகமே அன்றைய வேகம் என்று ஏற்பாடு செய்துகொண்டோம். இளைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. இருவர் ஒரு வாரத்தில் நின்றுவிட்டனர். மற்றவர்கள் இன்னும் வருகிறார்கள்.

ஓடத் தொடங்க விரும்பும் வாசகர்களுக்கு இடையில் ஒரு சொல். நாற்பது கடந்தவர்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், முதலில் மருத்துவரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு மருந்து உண்போர் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடலாகாது. சர்க்கரை திடீரெனக் குறைந்து மயக்கம் வரக்கூடும். சட்டைப்பையில் இரண்டு வெல்லக்கட்டி இருக்கட்டும். தாகத்துக்கு மேல் குடம் குடமாக நீர் குடிப்பதும் தீங்கே. இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து ஆபத்து நேர்ந்ததுண்டு.

அடுத்த ஆண்டும் அதே சேலத்து ஓட்டத்திற்குச் சென்றோம். எண்பது நிமிடக் கொடியையே கேட்டு வாங்கிக்கொண்டோம். தொடங்குமிடத்தில் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினோம். அந்த அம்மையாரைக் காணவில்லை. பெயரை அன்றே கேட்டு வைத்துக்கொள்ளாதது எவ்வளவு பெரிய பிழை!

பேண்டு வாத்தியம் அவ்வாண்டும் முழங்கியது. முதல் கிலோமீட்டர் எட்டு நிமிடம் நான்கு விநாடி. “சார், கொஞ்சம் வேகமாப் போலாமே,” என்றான் பக்கத்தில் வந்த கல்லூரி மாணவன். “போகலாம் தம்பி. ஆனால் இந்தக் கொடி போகாது,” என்றோம். அவன் சிறிது தயங்கி, எங்களுடனேயே வந்தான். ஐந்தாம் கிலோமீட்டரில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறி நடக்கத் தொடங்கியபோது, நம் கேள்விக்குக் காத்திராமல் அம்மாணவனே பின்தங்கி அவரோடு நடந்தான். ஒன்பதாம் கிலோமீட்டர்ப் பலகையருகே அவரை அழைத்துக்கொண்டு எங்களைப் பிடித்துவிட்டான். “இப்ப போகட்டுமா, சார்?” என்றான். போகச் சொன்னோம். அம்பாய்ப் பறந்துவிட்டான்.

பதினொரு பேரோடு தொடங்கி ஒன்பது பேரோடு முடித்தோம். எழுபத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி. மீதி இருவருக்காகக் கொடியைப் பிடித்தபடியே இலக்கருகில் நின்றிருந்தோம். ஒருவர் எண்பத்தாறு நிமிடத்தில் வந்தார். மற்றவர் வழியில் வீடு இருந்ததால் வீட்டுக்கே போய்விட்டாராம்.

இவ்வாண்டும் கொடி நம்மிடந்தான். இரவுப் பணி பார்க்கும் அந்தச் சகோதரியை வாசகர் எவரேனும் அறிவீர்களாயின், எண்பது நிமிடக் கொடி இப்போது மெதுவாகவே செல்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.